இரவில் அலையும் காலுக்கு எது முதலில்: சிவப்பு விளக்கா, இரும்பா, குளிசையா?

உடம்பில் சிவப்பு ஒளி படவைக்கிற சிவப்பு விளக்குப் பலகை வாங்கலாமா என்று மருந்துக்கடைக்கு வந்து கேட்கிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். முதலில் முகச் சுருக்கத்துக்குக் கேட்டார்கள், பிறகு முழங்கால் நோவுக்கு. இப்போது கேட்பது, இரவில் படுத்ததும் காலைச் சும்மா வைத்திருக்க விடாமல் அலைக்கழிக்கிற வருத்தத்துக்கு. ஆங்கிலத்தில் அதை "ரெஸ்ற்லெஸ் லெக்ஸ்" என்பார்கள். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கிற பிள்ளை விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கும். இங்கே இருக்கிறவர் ஃபோனை நீட்டி, "அண்ணை, அம்மாவுக்கு இது சரிவருமோ? தங்கச்சி அனுப்பப்போறாளாம்" என்பார்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த விளக்கு முழுப் புளுகு இல்லை. ஆனால் வரிசையில் அதற்கு நாலாவது இடம்தான். முதலில் இது எந்த வருத்தம் என்று பிடிக்க வேண்டும். அடுத்தது, இப்போது குடிக்கிற குளிசைகளையும் தேநீரையும் பார்ப்பது. மூன்றாவது, இரத்தத்தில் ஃபெரிட்டின், அதாவது உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுகிற அளவு, பார்ப்பது. இந்த மூன்றுக்கும் ஆகிற செலவு ஒரு நல்ல விளக்குப் பலகையின் விலையில் கிட்டவும் வராது.

எந்த வருத்தம் என்று தெரியாமல் எதையும் வாங்க வேண்டாம்

இந்த வருத்தத்தை ஆங்கில மருத்துவரான தோமஸ் வில்லிஸ் 1672இலேயே எழுதி வைத்தார். 1945இல் சுவீடன் நரம்பியல் வைத்தியர் கார்ல்-அக்செல் எக்பொம் அதை ஒழுங்காக விவரித்தார். அடையாளம் நாலு: காலை அசைக்க வேண்டும் என்ற அடக்க முடியாத உந்தல், சும்மா இருக்கும்போது அது கூடுவது, எழும்பி நடந்தால் உடனே குறைவது, பொழுதுபட்ட பிறகு மோசமாவது. எங்கள் ஆட்கள் சொல்லும்போது "எலும்புக்குள்ளை ஏதோ ஊருது", "உளையுது", "காலை வெட்டி எறியலாம் போல கிடக்கு" என்பார்கள். பலர் பாயை விட்டுவிட்டு வெறும் சீமெந்து நிலத்தில் காலைப் போட்டுக்கொண்டு கிடப்பார்கள். இல்லையென்றால் விறாந்தையில் மேலும் கீழும் நடப்பார்கள்.

நடந்தால் குறைகிறதா என்ற ஒரு கேள்வியே பாதி வேலையைச் செய்துவிடும். சலரோகத்தால் நரம்பு கெட்டுப் பாதம் எரிகிறவருக்கு நடந்தாலும் எரிவு அப்படியே இருக்கும், விறைப்பும் சேர்ந்திருக்கும். நித்திரையில் கெண்டைக்கால் கல்லாக இறுகிப் பிடிப்பது வேறு: அது சில நிமிடத்தில் விட்டுவிடும், தடவினால் தசை கட்டியாகத் தெரியும். நடக்கும்போது கால் நொந்து, நின்றால் குறைகிறதென்றால் இரத்தக் குழாய் அடைப்பை யோசிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி நொந்தால் விளக்கைப் பற்றிக் கதைக்கிற நேரம் இல்லை, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சும்மா கிடைக்கிற வைத்தியம்

கடைக்கு அடிக்கடி வருகிற ஒரு அம்மா இருக்கிறா. "தம்பி, இரவிலை கால் உளைஞ்சு நித்திரை இல்லை, அந்தப் பிரிட்டோன் ரெண்டு தாங்கோ" என்பா. தடிமனுக்குக் கொடுக்கிற அந்தச் சின்னக் குளிசை நித்திரை வரப்பண்ணும் என்பது ஊரறிந்த விஷயம். பலருக்குத் தெரியாதது, பிரிட்டோனில் இருக்கிற குளோர்பெனிரமைன் போன்ற நித்திரை தூக்கும் அலேர்ஜிக் குளிசைகள் இந்தக் கால் வருத்தத்தைக் கூட்டும் என்பது. நித்திரைக்கு என்று போட்ட குளிசையே ஆளை எழுப்பி நடக்க வைக்கிறது.

அந்த வரிசையில் இன்னும் சில உண்டு: வாந்திக்குக் கொடுக்கும் மெற்றோகுளோபிரமைட், மனச்சோர்வுக்கான பல குளிசைகள், மனநோய்க்கான சில மருந்துகள். பாத எரிவுக்கும் நித்திரைக்கும் இரவில் எழுதிக் கொடுக்கும் அமிற்றிப்ரிலினும் அதில் அடக்கம். தடிமன் குளிசையை நீங்களே விடலாம். மற்றவற்றை ஒருநாளும் சொந்தமாக நிறுத்தக் கூடாது. கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய், "இதிலை ஏதும் என்ரை காலைக் குழப்புதோ?" என்று எழுதின வைத்தியரிடமே கேளுங்கள். மாற்று மருந்து பெரும்பாலும் இருக்கும்.

அடுத்தது பிளேன் ரீ. இரவுச் சாப்பாடு முடிந்து, பனங்கட்டி கடித்துக்கொண்டு ஒரு கோப்பை சாயம் குடிப்பது எங்கள் வீடுகளில் வழமை. அது இரண்டு பக்கத்தால் அடிக்கும். அதிலுள்ள கஃபீன் சிலருக்குக் காலைக் கிளப்பும். சாயத்தின் துவர்ப்பு, சாப்பாட்டில் இருந்த இரும்பை உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கும். கோப்பி, சிகரெட், சாராயம் மூன்றும் இதே கணக்கில் வரும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு சாயத்தை விட்டு இரண்டு கிழமை பார்ப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

ஃபெரிட்டின்: ஒரு தாளில் ஒரு இலக்கம்

விளக்குக்கு முன்னால் நிற்கிறவற்றில் பாரமானது இதுதான். இந்த வருத்தக்காரர்களில் பலருக்கு மூளையின் சில பகுதிகளில் இரும்பு குறைந்திருக்கிறது. அந்த இரும்பு இல்லாமல் டோபமீன் என்ற இரசாயனத்தின் வேலை குழம்புகிறது. டோபமீன் மாலையில் இயல்பாகவே இறங்குவதால்தான் பொழுதுபட வருத்தம் கிளம்புகிறது என்பது இன்றைய விளக்கம். இரும்பு சேமிப்பை அளக்கிற பரிசோதனைதான் சீரம் ஃபெரிட்டின்.

எங்கள் ஆட்கள் தடுக்கி விழுகிற இடங்கள் இதில் இரண்டு. "எனக்கு இரத்தம் நல்லாயிருக்கு, ஹீமோகுளோபின் பன்னிரண்டரை" என்று சொல்லி ஃபெரிட்டினை விட்டுவிடுவது முதலாவது. ஹீமோகுளோபின் இறங்குவதற்கு எவ்வளவோ முன்னமே சேமிப்பு வற்றிவிடும். இரண்டாவது, ஆய்வுகூடத் தாளில் இருக்கிற வீச்சு. ஃபெரிட்டின் 30 அல்லது 40 நானோகிராம் என்று வந்தால் தாளில் அது "நோர்மல்" வரிசைக்குள் நிற்கும், சிவப்புக் கோடு விழாது. இந்த வருத்தத்துக்கு வைத்தியர்கள் பாவிக்கிற அளவுகோல் வேறு: ஒரு மில்லிலீற்றருக்கு 75 நானோகிராம் அல்லது அதற்குக் கீழே என்றால் இரும்பு கொடுப்பதை யோசிக்கச் சொல்கிறது அமெரிக்க நித்திரை மருத்துவ அக்கடமி 2025இல் வெளியிட்ட வழிகாட்டி. ட்ரான்ஸ்ஃபெரின் நிறைவு (இரத்தத்தில் இரும்பைக் காவுகிற புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற அளவு) 20 வீதத்துக்குக் கீழே இருந்தாலும் அப்படியே. ஆகவே தாளைப் பார்த்து "எல்லாம் சரி" என்று மடித்து வைக்காமல், அந்த இலக்கத்தைக் காலோடு சேர்த்து வைத்தியரிடம் சொல்லுங்கள். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறும், அந்த நேரத்தில் எடுத்த இலக்கத்தை நம்ப வேண்டாம். பரிசோதனைக்கு இரத்தத்தைக் காலையில் வெறும் வயிற்றில் கொடுப்பது நல்லது.

குறைவு என்றால் வழக்கமாகக் கொடுப்பது ஃபெரஸ் சல்பேற். 200 மில்லிகிராம் குளிசையில் உண்மையான இரும்பு 65 மில்லிகிராம்தான். தினமும் போடுவதை விட ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் ஒவ்வொரு குளிசையிலிருந்தும் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, வயிற்றுக் குழப்பமும் குறையலாம். தேசிக்காய்த் தண்ணியோடு போடுங்கள், சாயத்தையும் பாலையும் இரண்டு மணித்தியாலம் தள்ளி வையுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மலச்சிக்கல் வந்தால் வந்து சொல்லுங்கள். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் எடுக்கும். குளிசை ஒத்துவராதவர்களுக்கு ஊசி வழி இரும்பு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் வைத்து ஏற்ற வேண்டியது அது. அந்த 2025 வழிகாட்டி பலமாகப் பரிந்துரைப்பதில் அத்தகைய ஓர் இரும்பு மருந்தும் உண்டு.

முருங்கையிலை வறை போதாதா என்று கேட்பார்கள். நல்ல சாப்பாடு, விடாதீர்கள், தேசிக்காய்ப் புளி விட்டுச் சாப்பிடுங்கள். ஆனால் இலையில் உள்ள இரும்பு இறைச்சி, ஈரலில் உள்ளதைப் போல உடம்பில் ஏறாது. வற்றிப்போன சேமிப்பை வறை மட்டும் நிரப்புவது கஷ்டம்.

பரிசோதிக்காமல் இரும்புக் குளிசை வாங்கவும் கூடாது. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் கூறு உள்ளவருக்கு இரத்தம் குறைவாக இருந்தாலும் இரும்பு நிறைய இருக்கலாம். சித்த வைத்தியரிடம் அயச் செந்தூரம் எடுக்கிறவர் அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும், அதுவும் இரும்புதான். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ஃபெரிட்டின் குறைந்திருந்தால், குடலில் எங்கேயோ இரத்தம் கசிகிறதா என்று தேட வேண்டியும் வரும். நோக் குளிசை நெடுநாள் போடுகிறவர்களுக்கு இது முக்கியம்.

இனி விளக்கு

மனிதர்களில் நடந்த ஆய்வு உண்டு. அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2011இல் வெளியிட்டது: 34 பேர், சிகிச்சைக் குழுவுக்கு முழங்காலுக்குக் கீழே அரை மணித்தியாலம் வீதம் நாலு கிழமையில் 12 தடவை ஒளி. ஒளி பெற்றவர்களின் வருத்தம் மற்றக் குழுவை விடத் தெளிவாகக் குறைந்தது. அமெரிக்க நரம்பியல் அக்கடமி 2016இல் வழிகாட்டி எழுதியபோது இதை "யோசித்துப் பார்க்கலாம்" என்கிற தரத்தில் வைத்தது. அதே வழிகாட்டியில் இதற்கு ஒரு படி மேலே நின்றது, காற்றால் ஊதிக் காலை அமுக்கி விடுகிற உறைக் கருவி. ஆக, ஒளிக்கு ஆதாரம் இருக்கிறது, ஆனால் மெல்லியது. 34 பேர் என்பது எங்கள் ஒழுங்கையில் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் பாதி.

விளம்பரத்தில் ஒருவரும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அந்த ஆய்வில் பாவித்த ஒளி சிவப்பே இல்லை. அது 890 நானோமீற்றர், அகச்சிவப்புக்குக் கிட்டிய ஒளி, கண்ணுக்குத் தெரியாது. தோலில் ஒட்டி வைத்த பட்டையிலிருந்து வந்தது. கடைகளில் விற்கிற பலகைகள் பெரும்பாலும் 660 நானோமீற்றர் சிவப்பையும் 850 நானோமீற்றர் அகச்சிவப்பையும் கலந்தவை. மலிவானவற்றில் சிவப்பு மட்டுமே இருக்கும். அறை முழுக்கச் சிவந்து கிடப்பதைப் பார்த்து "நல்ல பவர்" என்று நினைப்பவர், ஆராயாத பாதியை வாங்குகிறார். கண்ணுக்குத் தெரிகிற சிவப்பைத் தோலின் நிறமியும் கூடுதலாக உறிஞ்சும். எங்களைப் போல கறுத்த தோலில் உள்ளே போவது குறையும், தோல் சூடாவது கூடும். அகச்சிவப்பில் இந்த வித்தியாசம் குறைவு. ஆகவே வாங்குவதென்றால் 850 இருக்கிறதா என்று பெட்டியில் பாருங்கள். அது எரிகிறதா என்று அறிய ஒரு சின்ன வழி: ஃபோனின் முன்பக்கக் கமராவால் பலகையைப் பாருங்கள். ரீவி ரிமோட்டின் நுனி கமராவில் மின்னுவதைப் போல, வெறும் கண்ணுக்கு அணைந்து கிடக்கிற விளக்குகள் அதில் வெளிச்சமாகத் தெரியும்.

சலரோகக்காரருக்கு இன்னொரு ஆய்வைச் சொல்ல வேண்டும். இதே 890 நானோமீற்றர் பட்டையைச் சலரோக நரம்புப் பாதிப்புக்கு நல்லது என்று விற்றார்கள். 2008இல் வெளியான ஆய்வில், பாதிப் பேருக்கு உண்மையான கருவியையும் மீதிப் பேருக்கு அதே போல இருக்கிற போலிக் கருவியையும் கொடுத்து, வீட்டில் தினம் 40 நிமிடம், 90 நாள் பாவிக்கச் செய்தார்கள். முடிவில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. உங்கள் வருத்தம் பாத எரிவு, விறைப்பு என்றால் விளக்குக்குக் காசு போடாதீர்கள்.

பிசியோதெரப்பியில் பிடிக்கிற சிவப்புக் குமிழ் விளக்கையும் இதோடு குழப்புகிறார்கள். அது சூடு கொடுக்கிற விளக்கு. சூடு சிலருக்குச் சுகம் தரும், அவ்வளவுதான். பாதம் விறைத்த ஒருவர் அதைக் கிட்ட வைத்துக்கொண்டு நித்திரையானால், விடியப் பார்க்கும்போது கொப்புளம் இருக்கும். சலரோகப் பாதத்தில் கொப்புளம் எங்கே கொண்டுபோய் விடும் என்று இங்கே ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை.

வெளிநாட்டிலிருந்து வருகிற கருவியில் இன்னொரு பொறி. கனடாவில் மின்சாரம் 120 வோல்ற், இங்கே 230. பெட்டியின் பின்புறமோ அடப்ரரிலோ "இன்புட்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 100–240 என்று இருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். வெறும் 120 என்று இருந்தால் சுவரில் செருகின அடுத்த நொடியே புகைதான். லண்டனிலிருந்து வருவதற்கு இந்தப் பயம் இல்லை. மின்சாரக் கட்டணத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டாம்: நூறு வாற் பலகையை அரை மணித்தியாலம் பாவித்தால், இருபது இரவுக்கு ஒரு யூனிட்.

வாங்கியாயிற்று என்றால் ஒழுங்காகச் சோதியுங்கள். இந்த வருத்தம் தானே கூடிக் குறைகிற ஒன்று, நம்பிக்கையால் குறைவதும் அதிகம். ஒரு நல்ல கிழமையை வைத்து விளக்குக்குப் பெயர் கொடுத்துவிடக் கூடாது. விளக்கைத் தொடுவதற்கு முன்னமே இரண்டு கிழமைக்கு, ஒவ்வொரு காலையும் "நேற்று இரவு பத்துக்கு எத்தனை" என்று கலண்டரில் எழுதுங்கள். பிறகு ஆய்வில் செய்தது போலவே கிழமைக்கு மூன்று தடவை, அரை மணித்தியாலம், இரண்டு கெண்டைக்காலிலும், வருத்தம் தொடங்குவதற்கு முன்னம், நாலு கிழமை. அந்த நேரத்தில் வேறு எதையும் புதிதாகத் தொடங்க வேண்டாம், இல்லாவிட்டால் எது வேலை செய்ததென்று தெரியாது. நாலு கிழமையில் இலக்கம் இறங்காவிட்டால் அலுமாரிக்கு மேலே ஏற்றிவிடுங்கள். கண்ணுக்கு நேரே பிடிக்க வேண்டாம். தோல் புற்றுநோய் இருந்த இடத்தில் பாவிக்க வேண்டாம்.

எண்ணெயும் சைக்கிளும்

நல்லெண்ணெய் சூடாக்கித் தடவுவது, கோடாலித் தைலம், வெந்நீரில் காலை விடுவது எல்லாம் அந்த இரவைக் கடத்த உதவும். இரும்பை நிரப்பாது, ஆனால் பாதம் விறைக்காதவருக்குக் கெடுதலும் இல்லை. எனக்கு இவற்றோடு பகை எதுவும் கிடையாது. உடற்பயிற்சிக்கு ஆய்வு ஆதாரமே உண்டு: 2006இல் வெளியான ஆய்வில், கிழமைக்கு மூன்று நாள் நடையும் கால் தசைப் பயிற்சியும் செய்தவர்களுக்கு 12 கிழமையில் வருத்தம் நன்றாகக் குறைந்தது. சைக்கிளை ஸ்கூட்டிக்கு மாற்றின பிறகு கால் தொடங்கியது என்று சொல்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். ஆராய்ச்சியாக அதைச் சொல்லவில்லை, ஆனால் பின்னேரம் கோயிலடிக்குச் சைக்கிளில் போய் வருவதால் யாருக்கும் நட்டம் இல்லை. இரவு பத்து மணிக்கு ஓடுவதுதான் எதிர்மாறாக வேலை செய்யும்.

வைத்தியர் எழுதுகிற குளிசை

கிழமையில் பல இரவு நித்திரை கெடுகிறது, பகலில் வேலை செய்ய முடியவில்லை என்றால் விளக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டு மாதங்களைக் கழிக்கத் தேவையில்லை. போதனா வைத்தியசாலையிலோ தனியார் சனலிங்கிலோ நரம்பியல் வைத்தியரைக் காணலாம். இங்கேயும் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. முன்பு முதல் மருந்தாக எழுதியது பிரமிபெக்சோல், ரொபினிரோல் போன்ற டோபமீன் வகை. முதல் மாதங்களில் அற்புதமாக வேலை செய்யும். வருடங்கள் போக, பலருக்கு வருத்தம் பின்னேரமே தொடங்கி, கைக்கும் பரவி, முன்னதை விட மோசமாகும். சிலருக்குச் சூதாட்டம், அளவில்லாமல் பொருள் வாங்குவது போன்ற அடக்க முடியாத பழக்கங்களும் வரும். அதனால் 2025 வழிகாட்டி அவற்றை வழமையாகப் பாவிக்க வேண்டாம் என்று சொல்லி, கபபென்ரின், பிரிகபலின் வகையை முன்னுக்கு வைத்திருக்கிறது. இவற்றுக்கும் விலை உண்டு: தலைச்சுற்று, நித்திரைத் தூக்கம், வயதானவர் இரவில் எழும்பும்போது விழுவது. சிறுநீரகம் பலவீனமானவருக்கு அளவைக் குறைக்க வேண்டும். பழைய குளிசையில் இருக்கிறவர் இதைப் படித்துவிட்டுத் திடீரென நிறுத்தக் கூடாது. வைத்தியர்தான் படிப்படியாக இறக்க வேண்டும்.

யாருக்கு எது

அறுபது தாண்டிய, வேறு வருத்தமில்லாத ஒருவருக்கு நான் சொல்வது: தடிமன் குளிசையை விடுங்கள், இரவுச் சாயத்தை விடுங்கள், ஃபெரிட்டின் எடுங்கள். 75 அல்லது அதற்குக் கீழே என்றால் வைத்தியர் சொன்னபடி இரும்பு, மூன்று மாதம். இலக்கம் நன்றாக இருந்து, குளிசைகளிலும் பிழை இல்லாமல், வருத்தம் கிழமைக்கு ஓரிரு இரவு மட்டும் என்றால் அவருக்குத்தான் விளக்கு பொருந்தும். காசு இருக்கிறது, மருந்து குடிக்க விருப்பம் இல்லை என்றால் 850 உள்ள பலகையை வாங்கிப் பார்க்கட்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்த சலரோகக்காரருக்கு விளக்கும் வேண்டாம், சூடும் வேண்டாம்.

கர்ப்பிணிகளுக்குக் கடைசி மூன்று மாதத்தில் இது அடிக்கடி வரும், பிள்ளை பிறந்த பிறகு பெரும்பாலும் போய்விடும். கிளினிக்கில் தருகிற இரும்புக் குளிசையைத் தவறாமல் போடுவதும் மருத்துவமாதுவிடம் சொல்வதும் போதும், விளக்கை அவர்களில் போதியளவு சோதிக்கவில்லை. டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கும் இது நிறைய வரும். அவர்களுடைய இரும்பின் அளவைப் பார்ப்பதும் ஏற்றுவதும் சிறுநீரக கிளினிக்கின் வேலை. கடையில் இரும்புக் குளிசை கேட்டு வந்தால் நான் கொடுப்பதில்லை, கிளினிக் கொப்பியோடு திருப்பி அங்கேயே அனுப்புவேன்.